சைக்கிள் பையில் காப்பித்தூள்

எங்களுக்கு மலைமேல் மஞ்சக்குட்டையில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். கத்தி பட்டாலும் முள் கிழித்தாலும் காப்பித்தூளை வைத்து அமுக்குவதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். அதனால் என் சைக்கிள் பையிலும் ஒரு டப்பாவில் தூள் இருக்கும். முதலுதவிக்கு அது போதும் என்றிருந்தேன்.

போன மழைக்காலத்தில் நானும் மகள் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு சைக்கிளில் குப்பனூர் மலை ரோட்டில் இறங்கும்போது, ஒரு வளைவில் அவள் சறுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் தூளை அள்ளி அப்பினேன். ரத்தம் நின்றது. "அவ்வளவுதான் கண்ணு, சரியாப் போயிரும்" என்றேன்.

சில நாளில் முழங்கால் வீங்கி, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீழோடு தூளையும் சுரண்டி எடுத்தார்.

"ஏனுங்க, புண்ணுல காப்பித்தூளை ஆருங்க வெச்சது?"

"நான்தானுங்க."

ஸ்டெல்லா அலறினாள். நான் அவள் காலை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

இப்போது என் பையில் காயம் கழுவத் தனியாக ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், பிரிக்காத காஸ் துணி, பேண்டேஜ் சுருள், பிளாஸ்திரி எல்லாம் இருக்கின்றன. டப்பா இல்லை.

ஆனாலும் கிளம்பும்முன் ஒவ்வொரு தடவையும் ஸ்டெல்லா அந்தப் பையைத் திறந்து மோந்து பார்க்கிறாள். அவள் மூடும்வரை நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.