மச்சானின் கதவும் கச்சான் காற்றும்

மச்சான் மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட்ட அன்று தன் காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வளவுக்குள் விட்டார். அவர் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் முடித்து மருதமுனையில் பொண்டாட்டி வீட்டில் இருக்கிறார். நான் கல்முனையில் அவருடைய உம்மாவின், அதாவது என் மாமியின், வீட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது, ஆம்பிளைகள்தான் வீடு மாறுவோம். அதனால் அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் அவருக்கு விருந்தாளியின் மரியாதையும் எனக்கு மகனின் வேலைகளும் கிடைத்திருக்கின்றன.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் வைங்க மச்சான். இல்லாட்டி பெட்டரி இறங்கிரும். ஓடத் தேவல்ல," என்று சாவியைத் தந்தார்.

"ஓம் மச்சான்."

பயண வேனில் ஏறிய பிறகும் ஜன்னலால் தலையை நீட்டினார். "ஓடத் தேவல்ல!"

அந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பது அவருடைய பெருமை. கல்யாண வீடு, சாவு நடந்த மையத்து வீடு என்று பாராமல் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

ஐந்து நாட்கள் சொன்னபடி நடந்துகொண்டேன். ஆறாம் நாள் சனிக்கிழமை. மனைவி பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு எடுக்கவென்று போய்விட்டாள். நான் காருக்குள் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். மாமி அபாயா உடுத்து, கையில் குடையோடு வந்து நின்றா.

"மருமகன், சும்மா நிண்ட இடத்துல எண்ணெய எரிக்கிற நேரத்துக்குச் சாகாமத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்ன?"

சாகாமத்தில் மாமிக்கு வயல் இருக்கிறது. அறுவடைக்கு இன்னும் ஒரு கிழமைதான். வயலைச் செய்கிறவர் எல்லாம் நல்லாயிருக்கு என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமிக்கு அதில்தான் சந்தேகம். "போன்ல எல்லாற்ற வயலும் நல்லாத்தான் விளையும்."

"மச்சான் ஓட வேணாம் எண்டாரு மாமி."

"அவன் உங்களுக்குத்தானே சொன்னான்? எனக்குச் சொல்லல்லயே."

மறுத்திருக்கலாம். ஆனால் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து என் உள்ளங்கையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. குளக்கட்டில் ஏறியதும் மாமி நிறுத்தச் சொன்னா. திரும்பிப் போக வசதியாக இருக்கட்டும் என்று காரைத் திருப்பி, கிழக்கே கடல் பக்கம் முகம் பார்க்க நிறுத்தினேன். நான் செய்த பிழை அதுதான். அது கச்சான் காலம். காலை பத்து மணி தாண்டினால் மேற்கிலிருந்து அந்தச் சூட்டுக் காற்று எழும்பும். தென்னோலையெல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமயிர் போலக் கிடக்கும். நானோ காருடைய முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தியிருந்தேன்.

கதவைத் திறந்தது மாமி என்று சொன்னால் அநியாயம். கைபிடியை இழுத்தது மட்டும்தான் மாமி. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. டமார் என்று ஒரு சத்தம். எந்த இடத்தோடு நிற்க வேண்டுமோ அந்த இடத்தைத் தாண்டிப் போன கதவு, முன்பக்க மட்கார்டில் மோதி அங்கேயே நின்றுவிட்டது. மாமி நீட்டிய கையை மடக்காமல் இருந்தா. குடை குளத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"மருமகன், இந்தக் கதவு இவ்வளவு தூரம் போகுமா?"

"போகாது மாமி."

"போயிரிச்சே."

நான் இறங்கிப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன். பாதி தூரம் வந்து, கீழே தொங்கி, சட்டத்தில் முட்டி நின்றது. கதவைத் தாங்கும் பிணைச்சல் வளைந்துவிட்டது. மட்கார்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு நசுங்கல். மாமி ஒருதரம் சுற்றிப் பார்த்தா.

"வந்தது வந்த, வயலப் பாத்திட்டுப் போவம்."

வயல் நல்லாத்தான் இருந்தது. செய்கிறவர் சொன்னது முழு உண்மை. மாமிக்கு அதுவும் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குப் பட்டது. அந்த மனிதர்தான் ஒரு நைலோன் கயிறு கொண்டுவந்து, கதவைத் தூக்கிப் பொருத்தி, திறந்த ஜன்னலால் கயிற்றை விட்டு இறுக்கித் தந்தார். மாமி பின் ஆசனத்தில் ஏறி, கயிற்று நுனியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. நிந்தவூரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தார். கயிற்றைப் பார்த்தார்.

"என்ன, உள்ள மாடு கட்டியிரிக்கீங்களோ?"

மாமி ஒரு கையால் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டா. கயிற்றை மட்டும் விடவில்லை.

"மச்சானுக்கு என்ன சொல்ற மாமி?" என்று கேட்டேன். "நிப்பாட்டி வெச்ச இடத்துல யாரோ இடிச்சிட்டாங்க எண்டு..."

"பொய் சொல்லக் கூடாது மருமகன். உம்ராவுக்குப் போன புள்ளைக்கிட்டப் பொய்யா?" கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டா. பிறகு, "கேக்காட்டி சொல்லவும் தேவல்ல," என்றா.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கராஜுக்கு விட்டேன். அங்கே தகடு தட்டி நிமிர்த்துகிற டிங்கர் பாஸ் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். மாமிக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுவிட்டு, கதவின் உட்புற அட்டையைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார்.

"இது எனக்குத் தெரிஞ்ச கதவுதானே! இந்தா பாருங்க, இது நான் வெச்ச வெல்டிங். போன கச்சானுக்கு முந்தின கச்சான்ல ஒருத்தர் இதே மாதிரிக் கொண்டு வந்தாரு. ஒலுவில் கடற்கரையில காத்து புடுங்கியிரிக்கி."

மாமி கதிரையை முன்னுக்கு இழுத்தா. "யாரு கொண்டு வந்த?"

"அதைச் சொல்லக் கூடாது உம்மா. வாக்குக் குடுத்திரிக்கன். முக்கியமா அவர்ட உம்மாக்குத் தெரியவே கூடாதாம்."

"நாந்தான் அவன்ட உம்மா."

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாமிக்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வருஷம் கார் கொழும்புக்குச் சேர்விசுக்குப் போயிருக்கு என்று மச்சான் ஒரு கிழமை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்துபோனார். பாவம் புள்ள வாடிப்போறான் என்று மாமி ஒவ்வொரு நாளும் இறைச்சி ஆக்கிக் கொடுத்தா. "தின்னானே மருமகன்! ஒரு நாள் கறி பத்தல்ல எண்டும் சொன்னானே!"

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வெளியில் காட்டாமல் இருக்க ஒரு டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டி நிமிர்த்துகிற வேலை நாலு நாளில் முடிந்தது. பெயின்ட்தான் சிக்கல். கச்சானில் மண்ணும் பறக்கும், ஈரப் பெயின்டில் ஒட்டினால் பப்படம் மாதிரி ஆகிவிடும். "விடிய சுபஹு தொழுத கையோட வாங்க, காத்து எழும்ப முந்தி அடிச்சிரலாம். மறைப்புக்கு என்னவும் கொண்டு வாங்க," என்றார் பாஸ். மாமி நாலு படுக்கை விரிப்புகளை எடுத்துத் தந்தா. மூன்று காலைகள் காரைச் சுற்றி விரிப்புக் கட்டி, பறக்கிற மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் கார் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி இப்போது விரிப்புகளையும் தேடினாள். கழுவப் போட்டிருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் மனைவிக்கும் விசயத்தைச் சொல்லிவிட்டோம். அவள் சிரித்து முடிய அரை மணித்தியாலம் ஆனது.

உம்ரா முடித்த மச்சான் மொட்டைத் தலையோடும் மக்காவின் சம்சம் தண்ணியோடும் பேரீச்சம்பழத்தோடும் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸலாம் சொல்லி, உம்மாவைக் கட்டிப்பிடித்து, உடனே காரடிக்குப் போனார். ஒரு சுற்று வந்தார். இடது கதவைத் திறந்தார், சாத்தினார். திரும்பவும் திறந்து சாத்தினார்.

"கதவு முந்தியவிட நல்லாச் சாத்துதே?"

நான் வாயிலிருந்த பேரீச்சம்பழக் கொட்டையைக் கடிக்கத் தொடங்கினேன்.

மாமி குரலைத் தாழ்த்தவே இல்லை. "மகன், கச்சான் காலத்துல கார்க் கதவ ரெண்டு கையாலயும் புடிச்சித்தான் திறக்கணுமாம். ஒலுவில் பக்கம் போறாக்களுக்கு நல்லாத் தெரியுமாம். உனக்குத் தெரியுமா?"

மச்சானின் மொட்டைத் தலை மெல்லச் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகப் பயத்தோடு தன் மனைவியைப் பார்த்தார்.

"என்ன கத மாமி அது?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்டுமில்ல புள்ள, காத்துட கத," என்று மாமி சம்சம் கிளாசை நீட்டினா. "பிஸ்மி சொல்லிக் குடிங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது மச்சான் என் தோளில் கை போட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கார எந்தப் பக்கம் பாத்து நிறுத்தின நீங்க?"

"கிழக்கப் பாத்து மச்சான்."

"நானும் கிழக்கப் பாத்துத்தான்," என்றார். பிறகு வீடு வரும் வரைக்கும் அவர் காற்றைப் பற்றியே கதைத்தார்.