சோப்புப் பதிவேட்டில் என் பெயர்

இந்த ஊர் நாய் ஆஸ்பத்திரியில் கூண்டைக் கழுவினால்கூடப் பெயர் எழுத வேண்டும். ஒவ்வொரு கூண்டுக் கதவிலும் ஓர் அட்டை தொங்குகிறது. கழுவிய நேரம், தண்ணீர் வைத்த நேரம், செய்தவர் பெயர் என்று அதில் கட்டங்கள் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் பதினான்கு கூண்டுகளையும் கழுவித் துடைத்துவிட்டு, செய்தவர் பெயர் என்ற கட்டத்தில் எல்லாம் டாக்டர் ஹோல்ட் என்று எழுதி வைத்தேன். மறுநாள் காலை அந்த மனிதர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நேற்று நான் நிறைய வேலை செய்திருக்கிறேன் போலிருக்கிறது" என்றார். தலைமை நர்ஸ் மார்கரெட் சிரித்தாள். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த பதினெட்டு வயதுப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எதற்குச் சிரித்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் அப்படி எழுதியதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி டாக்டருடையது. அங்கே நடப்பதெல்லாம் டாக்டர் பெயரில்தான் நடக்கும். நாமக்கல் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஏழு வருஷம் நான் வேலை பார்த்தேன். அப்போது நாமக்கல் சேலம் ஜில்லாவில் இருந்தது. கோழிப்பண்ணைகள் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. அங்கே அட்டெண்டராக இருந்த அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசு வேலையாக எனக்கு அது கிடைத்தது. பெண்பிள்ளைக்கு மாட்டாஸ்பத்திரியில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கூட்டிப் பெருக்குவதும் மாட்டைப் பிடிப்பதும்தான் என் வேலை என்று உத்தரவில் இருந்தது. ஆறு மாதத்தில் ஊசி போட்டேன், புண்ணுக்குக் கட்டுப் போட்டேன், கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தேன். கம்பவுண்டர் பெரியசாமி அண்ணனும் நானும்தான் அந்த மருந்தகம். டாக்டர் இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் நாமகிரிப்பேட்டை பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எருமை ஈன முடியாமல் கிடந்தது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே வந்துவிட்டன. தலை மட்டும் உள்ளே பின்பக்கமாகத் திரும்பி மடங்கியிருந்தது. டாக்டருடைய கை பருமன், உள்ளே போகவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு புங்கமரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கை ஒல்லி. எண்ணெய் தடவித் தோள்வரை உள்ளே விட்டேன். எருமை முக்கும்போதெல்லாம் என் கை எலும்பு நொறுங்குவது போல இருந்தது. கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தாடையில் கயிற்றுச் சுருக்கை மாட்டித் தலையைத் திருப்பி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கயிறு இழுத்தவர் பெரியசாமி அண்ணன்.

"ஏனுங்க அம்மிணி, கண்ணு பொழச்சுக்குங்களா?" என்று தோட்டக்காரர் என்னைத்தான் கேட்டார்.

"ஐயாவக் கேளுங்க" என்றேன்.

அவர் போய் டாக்டரைக் கும்பிட்டார். ஒரு தார் வாழைப்பழம் டாக்டரின் ஜீப்பில் ஏறிற்று. மருந்தகத்துக்குத் திரும்பியதும் பெரியசாமி அண்ணன் சிகிச்சைப் பதிவேட்டைத் திறந்து, சிகிச்சை அளித்தவர் என்ற இடத்தில் தன் அழகான கையெழுத்தில் டாக்டரின் பெயரை எழுதினார். தான் போட்ட ஊசிகளையும் அப்படித்தான் எழுதுவார். "செஞ்சது நாம, எழுதறது அவரு பேருங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "பெரியவங்க பேர எழுதுனா நமக்கென்ன கொறஞ்சு போச்சு சாமி" என்றார். குறைந்துதான் போயிற்று. அது எனக்குத் தெரிய ஐயாயிரம் மைல் தாண்டி வரவேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த மில் ஊருக்கு வந்தேன். கணவர் குமாரபாளையத்துக்காரர், இங்கே நூல் மில்லில் ஃபிட்டர். இரண்டு குளிர்காலம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, மூன்றாவது வருஷம் இந்த நாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சிக்கு ஒரு தடிமனான புத்தகம் கொடுத்தார்கள். காய்ச்சல் பார்ப்பது, நாயைப் பிடிப்பது, தோலடி ஊசி, கட்டுப் போடுவது, கத்தி கத்தரிகளைக் கொதிக்க வைப்பது, மயக்கத்தில் இருக்கும் பிராணியின் மூச்சைக் கவனிப்பது என்று நாற்பது வேலைகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் செய்து, என்ன செய்தோம் என்று நாமே எழுத வேண்டும். பார்த்தவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாற்பதும் நிறைந்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். நிறையாவிட்டால் பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நான் கூண்டு கழுவுகிறவளாகவே இருக்க வேண்டியதுதான்.

நாற்பதையும் செய்தேன். மற்றப் பெண்கள் பூனையைப் பிடிக்கவே பயந்து நிற்கும்போது நான் மூன்று பூனைகளை முடித்திருப்பேன். ஆனால் எழுதும்போது கை பழைய தடத்திலேயே போயிற்று. 'டாக்டர் ஊசி போட்டார், நான் உதவினேன்' என்றும் 'டாக்டர் கட்டுப் போட்டார், நான் உடனிருந்தேன்' என்றும் பக்கம் பக்கமாக எழுதினேன். கூண்டு அட்டையில் பட்ட அவமானத்துக்குப் பிறகுமா என்று கேட்பீர்கள். கூண்டு கழுவியதை என் பெயரில் எழுதிக்கொள்ளப் பழகிவிட்டேன். டாக்டர் வேலையை என் பெயரில் எழுதுவது திமிர் என்று நினைத்தேன். மார்கரெட் எதையும் படித்துப் பார்க்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

வசந்த காலத்தில் மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். புத்தகத்தைப் புரட்டப் புரட்ட அவள் புருவம் ஏறியது.

"இந்த நாய்க்கு ஊசி போட்டது யார்?"

"டாக்டர்" என்றேன்.

"அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நான் ஊசியைப் போட்டேன்."

அவள் மார்கரெட்டைப் பார்த்தாள். மார்கரெட் தரையைப் பார்த்தாள். "டாக்டர் சொன்னார், நான் போட்டேன். அது அவருடைய ஊசி" என்று விளக்கினேன். விளக்க விளக்கக் குழி ஆழமாயிற்று. கடைசியில் அந்த அம்மாள் புத்தகத்தை மூடி, "இரண்டில் ஒன்றுதான். நீங்கள் இந்த வேலைகளைச் செய்யவில்லை, அல்லது பொய்யாக எழுதியிருக்கிறீர்கள்" என்றாள்.

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. நான் வேலை செய்வதை வருஷம் பூராவும் தன் கண்ணால் பார்த்த மார்கரெட், "அவள் எழுதியதற்குக் கீழேதானே நான் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மூரில் சொல்வோம். இங்கே ஏட்டில் ஏறாத சுரைக்காய் கண்ணெதிரே காய்த்துத் தொங்கினாலும் சுரைக்காயே இல்லை. அந்த அம்மாள் பத்து வாரம் தவணை கொடுத்தாள். எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்ட வேண்டும், அல்லது இதற்கு முன் செய்த வேலைக்கு எழுத்தில் அத்தாட்சி கொண்டுவர வேண்டும்.

அத்தாட்சிதானே, ஏழு வருஷம் இருக்கிறதே என்று அன்றைக்கே நாமக்கல்லுக்கு ஏர்மெயில் போட்டேன். நான்காவது வாரம் பதில் வந்தது. முத்திரை குத்திய தாளில், பதிவேடுகளைப் பரிசீலித்ததாகவும், வருகைப் பதிவேட்டிலும் சோப்பு, ஃபினாயில் பெற்றுக்கொண்ட பதிவேட்டிலும் தவிர வேறெங்கும் என் பெயர் காணப்படவில்லை என்றும் தெரிவித்திருந்தார்கள். கூடவே பெரியசாமி அண்ணன் துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தார்: "கோவிச்சுக்காத சாமி. எல்லா வருசத்துப் புஸ்தகத்தையும் நானே தேடிப் பாத்தேன். எம்பேரும் சோப்புப் புஸ்தகத்துலதான் இருக்குது."

அன்றைக்கு எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. இங்கே உள்ளவர்கள் எழுதாததை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அங்கே செய்ததை எழுத மாட்டேன் என்றார்கள். நாமக்கல் டாக்டர்மேல் கோபம், மார்கரெட்மேல் கோபம், கேட்ட தோட்டக்காரரிடம் ஐயாவைக் கேளுங்கள் என்று சொன்ன என் வாய்மேலும் கோபம். அடக்கம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் யாருக்கு லாபமாயிற்று என்று இப்போதாவது கணக்குப் பார்க்க வேண்டாமா.

மீதி ஆறு வாரத்தில் நாற்பதையும் மறுபடி செய்தேன். டாக்டர் ஹோல்ட் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொன்றையும் செய்த கையோடு அங்கேயே எழுதினேன். நான் பிடித்தேன், நான் போட்டேன், நான் கட்டினேன். முதல் நாலைந்து பக்கம் திருட்டுத்தனம் பண்ணுவது போலக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மார்கரெட் இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பரீட்சையிலும் தேறினேன்.

சான்றிதழ் தபாலில் வந்தது. கெட்டித் தாள், தங்க நிற ஓரம். நடுவில் பெரிய எழுத்தில் மிசஸ் எஸ். கந்தசாமி. கந்தசாமி என் கணவரின் பெயர். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம், இத்தனை நாள் அது உறுத்தவில்லை. கணவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நானு எப்பப் புள்ள நாய்க்கு ஊசி போட்டேன்?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் அன்று சாயங்காலம் தானே சமைத்தார்.

தேறிய செய்தியைப் பெரியசாமி அண்ணனுக்கு எழுதினேன். பதிலோடு ஒரு முழுத்தாள் வந்தது. பதிவேடு போலவே கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் தான் செய்த வேலைகளைப் பதினோரு வரியில் எழுதியிருந்தார். அந்த எருமைக்குக் கயிறு இழுத்தது மூன்றாவது வரி. எல்லாம் நான் கூட இருந்து பார்த்தவை. "வர்ற மாசம் ரிட்டயரு ஆறேன். நீ இப்பப் படிச்சவ, பாத்தவளும் நீதான். கீழ ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு சாமி. ஒருத்தருக்கும் காட்டறதுக்கில்ல, பொட்டியில வெச்சுக்கறேன்" என்று இருந்தது.

தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பேனாவை எடுத்த பிறகுதான் எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். கையெழுத்துப் போடத் தகுதியானவள் மிசஸ் கந்தசாமி. பெரியசாமி அண்ணன் வேலை செய்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தவள் கல்யாணத்துக்கு முந்தைய நான், ப. சரஸ்வதி. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொந்த ஊரே முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்புறம் பதினோரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு பெயரையும் போட்டேன், மேலே தமிழில், கீழே இங்கிலீஷில். தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள்.