மறுப்பை நம்பாத பூச்சந்தை

டைரக்டர் “கட்” சொன்ன பிறகும் பூ மூட்டைகள் தராசுப் பக்கம் போகவில்லை. நான் பயந்தது நடந்துவிட்டது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மைக் செட் வேலைக்கு வந்தவன் நான். எதற்கும் பயப்படுவேன். பிளக்கைச் சொருகிவிட்டு, சரியாகச் சொருகினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு அந்தப் பயம் நல்லது. என் செட்டில் இதுவரை யாருக்கும் ஷாக் அடித்ததில்லை.

கீரமங்கலம் பூச்சந்தையில் சினிமா ஷூட்டிங் என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்து ரேடியோக்காரர் வேலுச்சாமியின் கதை. உள்ளூர் எஃப்.எம்.மில் காலையில் உட்கார்ந்து பூ கமிஷன் கடைக்காரர்களைத் திட்டியே பேர் வாங்கியவர். அவர்கள் கேஸ் போடுவார்கள். இவர், தான் சொன்னது தப்பு என்று ரேடியோவிலேயே மறுப்பு வாசிப்பார். வாசித்தால், “அப்ப நேத்துச் சொன்னது நெசந்தான், மிரட்டிட்டாய்ங்க” என்று ஊர் முடிவு கட்டிவிடும். இதையெல்லாம் வைத்துத்தான் காமெடிப் படம்.

அன்றைய சீனில், வேலுச்சாமியாக நடிப்பவர் பேசுவது குழாய் ஸ்பீக்கரில் சந்தை முழுக்கக் கேட்க வேண்டும். கேமராவை மாடியில் மறைத்து வைத்திருந்தார்கள்.

“சார், நெசச் சந்தை நடக்கயில போட்டா சனங்க நம்பிருவாங்க. முன்னாடியே சொல்லிருவோமா?” என்றேன்.

“அண்ணே, சொல்லிட்டா ரியாக்‌ஷன் போயிரும். நீங்க வால்யூமை மட்டும் பாருங்க,” என்றார் டைரக்டர்.

நடிகர் அச்சு அசல் வேலுச்சாமி மாதிரியே முழங்கினார். “மக்களே, பூவை இறக்காதீங்க! மத்தியானம் வெளியூர் லாரி வருது, ரெட்டை வெலை!”

அவ்வளவுதான். பூ விற்க வந்தவர்கள் எல்லோரும் அவிழ்த்த மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். கமிஷன் கடை வண்டியோ புறப்படத் தயாராக நின்றது. மல்லிகை மொட்டாக இருக்கும்போதே வண்டி ஏறினால்தான் விலை. வெயில் ஏறி விரிந்துவிட்டால் குப்பைதான்.

டைரக்டர் பதறிப்போய் நடிகரையே மறுபடி பேசச் சொன்னார். “இது சினிமாங்க, லாரி எதுவும் வராது,” என்றார் அவர்.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் அக்கா கெக்கலித்துச் சிரித்தார். “கேட்டீகளாடி? மறுப்பு வாசிக்கிறான். அப்ப லாரி வருது!”

ஷூட்டிங் பார்க்க வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிஜ வேலுச்சாமி எழுந்து என்னிடம் வந்தார். “யோவ் மைக் செட்டு, அந்த மைக்கை இங்கிட்டுக் குடு.”

“அவருகிட்ட குடுக்காதீங்கண்ணே! படத்து மேலயே கேஸ் வந்துரும்!” என்று டைரக்டர் கத்தினார்.

கேஸ் என்றால் எனக்கும் பயம்தான். ஆனால் மைக் என்னுடையது. நடிகர் கையிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

“யாத்தா, வேலுச்சாமி பேசுறேன். பூ விரியட்டும், சாயந்தரம் சும்மா அள்ளிக்கலாம்னு கமிஷன் கடைக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். லாரிக் கதையைக் கெளப்பி விட்டதே அவந்தான்! இப்பவே கொண்டுபோய்த் தராசுல கொட்டுங்க. வாங்க மாட்டேங்குறானான்னு பாப்போம்!”

“அடப்பாவி! வாங்கடி!” என்று முதல் ஆளாக மூட்டையைத் தூக்கினார் பஞ்சவர்ணம் அக்கா. சந்தையே பின்னால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் வண்டி நிரம்பிப் புறப்பட்டது.

கமிஷன் கடைக்காரர் கொதித்துப்போய் வந்தார். “என்னய்யா, மறுபடி என்னையவா திட்டுன?”

“ஒன் வண்டி நெறஞ்சுச்சா, இல்லையா?”

“நெறஞ்சுச்சு. அதுக்காக?”

“கேஸ் போடு. மறுப்பு வாசிக்கிறேன்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மனதில் பயம் தட்டினால் ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடாதீர்கள். இரண்டாம் தடவையும் சொல்லுங்கள், கேட்கவில்லையென்றால் மெயினை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு சினிமாப் பேச்சும் சந்தைப் பேச்சும் ஒன்றுதான். வாடுவது மட்டும் நிஜப் பூ.