மரியாதைப் பந்தை மறுத்தவர்

வியாழக்கிழமை காலை டார்னீட் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது கிளப் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தவம் அண்ணை போய்விட்டார். வந்த ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்பார்த்த சாவுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அவரோடு விளையாடிய உங்களுக்கு எங்கள் சண்டை தெரியும். மெல்பன் தமிழ் கிரிக்கெட் கிளப்புகளில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி, கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் நட்சத்திர ஆட்டம்தான் விஷயம். அதில் ஜெயிக்கும் அணியின் மைதானத்தில்தான் லீக் இறுதிப்போட்டி நடக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அண்ணை தீர்மானம் கொண்டுவருவார். "ஒண்டும் கிடைக்காத மட்ச்சுக்கு ஆர் விழுந்து பந்து பிடிப்பான்?" என்பார். மதுரைக்காரனான நான் மல்லுக்கட்டுவேன். "அண்ணே, குடும்பத்தோட வந்து பிரியாணி சாப்பிட்டுட்டுப் போற ஆட்டம். அதுல எதுக்கு வெட்டுக்குத்து?" கைகள் என் பக்கமே உயரும். "அப்ப பிரியாணிக்கே கப்பைக் குடுங்கோ" என்று சிரித்துக்கொண்டே, உட்கார்ந்திருந்த கதிரையை மடித்து வைப்பார்.

அந்த ஆட்டத்தில் அவருக்கு அறவே பிடிக்காதது மரியாதைப் பந்து. கடைசியில் மூத்த வீரர் ஒருவரை மட்டையோடு நிறுத்தி, அடிக்க வாகாக ஒரு பந்தை மெதுவாகப் போடுவோம். அவர் தூக்கி அடிப்பார், எல்லோரும் கைதட்டுவோம். மாலை போடாத குறைதான் என்று தவம் அண்ணை முணுமுணுப்பார்.

போன ஆட்டத்தில் அந்த மரியாதை அவருக்கே வந்தது. கீமோவில் உடம்பு வற்றி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. பந்து என் கையில். மெதுவாகத் தூக்கிப் போட்டேன். அவர் மட்டையை அசைக்கவேயில்லை.

"தம்பி, இரக்கப்பட்டுப் போடுறதெண்டால் நான் கதிரையில போய் இருக்கிறன். ஒழுங்கா ஓடி வந்து போடும்."

எல்லைக்கோட்டருகே அவர் மனைவி மாலதி அக்கா எழுந்து நின்றுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பின்னால் போய், ஓடி வந்து, முழு வேகத்தில் போட்டேன். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது. யாரும் கைதட்டவில்லை, சிலர் என்னை முறைத்தார்கள். அண்ணை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "இதுதான் மட்ச்" என்றார். அத்தனை சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

துக்கம் கேட்கக் கிளென் வேவர்லியில் அவர் வீட்டுக்குப் போனபோது மாலதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாருக்கும் அந்தப் பந்தைத்தான் சொன்னவர். தன்னை நோயாளி, வருத்தக்காரன் எண்டு பாக்காதது நீர் ஒருத்தர்தானாம்." அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

அவர் நினைவாக அந்த இறுதிப்போட்டித் தீர்மானத்தை நிறைவேற்றிவிடலாம், நீயும் இந்த ஒருமுறை கை தூக்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் அன்பு புரிகிறது. ஆனால் நான் இம்முறையும் எதிர்த்துத்தான் பேசுவேன். அண்ணைக்கு மெதுவாகப் போடக் கூடாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.