மேலே ஏறும் பந்து

பெங்களூரில் ஒரு பி.யூ. கல்லூரியில், அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, பல வருடங்களாக இயற்பியல் நடத்துகிறேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வகுப்புத் தேர்வு. புத்தகத்தில் சரிவில் உருண்டு இறங்கும் பந்துதான் இருக்கும். நானாக மாற்றி, வழுக்காமல் உருண்டு மேலே ஏறும் பந்தின் மீது உராய்வு எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தேன். விவேக் நகரிலிருந்து வந்த ஒரு பெண் அம்புக்குறியை மேல்நோக்கிப் போட்டிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தாளோடு வந்து நின்றாள்.

"எறங்கும்போதும் மேலதான், ஏறும்போதும் மேலதான் மிஸ். போட்டுப் பாத்தேன்."

"ஏறுற பந்த உராய்வு மேல இழுக்குமா? அது என்ன உங்க வீட்டுப் பந்தா, கூப்பிட்டதும் வர?" என்றேன். தமிழ் புரிந்தவர்கள் சிரித்தார்கள், புரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் வேறொரு வகுப்பில் அதே கணக்கைப் பலகையில் முழுதாகப் போட்டேன். ஏற ஏறப் பந்தின் வேகம் குறைகிறது. வழுக்காமல் இருக்கச் சுழற்சியும் கூடவே குறைய வேண்டும். அதைக் குறைக்க உராய்வை விட்டால் வேறு நாதியில்லை. அதுவும் மேல்நோக்கி இருந்தால்தான் குறையும். அவள் போட்டதுதான் சரி. சாக்பீஸோடு நின்றேன். அவமானமாக இருந்தது. சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னதற்கு, யானைக்கும் அடி சறுக்கும் என்றார். சறுக்கிய யானை யார் மேல் விழுந்தது என்று அவர் கேட்கவில்லை.

மாதா கோயிலின் வியாழக்கிழமைக் கூட்டம் இல்லாத ஒரு மாலையில் விவேக் நகர் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் அவள் அம்மாவின் மெழுகுவர்த்திக் கடை. அவள்தான் இருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். இன்ஜினியரிங் கிடைக்கவில்லை, பி.காம். படிக்கிறேன் என்றாள்.

"அந்தப் பந்து கணக்கு ஞாபகம் இருக்காம்மா? நீ போட்டதுதான் சரி. தப்பு என்னுது. மன்னிச்சிடு."

"ஹௌதா மிஸ்?" அப்படியா என்று கன்னடத்தில் கேட்டவளின் முகம் மலர்ந்தது. பிறகு கலைந்திருந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

"என்ட்ரன்ஸ்லயும் அதே கேள்வி வந்துச்சு மிஸ். எனக்கு மேலன்னுதான் வந்துச்சு. மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, கீழன்னு போட்டுட்டு வந்துட்டேன்."