மடைத் தண்ணீர் வாக்கியம்

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அகரம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் டவுனிலேயே நாகல் நகர்க்காரி. தமிழில் அதுவரை நான்தான் முதல். அவள் வந்தாள், எல்லாம் போச்சு.

ஒருநாள் தமிழ் டீச்சர் 'பரவு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதை வைத்து எத்தனை விதமாக முடியுமோ அத்தனை வாக்கியம் அமையுங்கள் என்றார். நன்றாக எழுதுகிறவளை மதுரையில் நடக்கும் கட்டுரைப் போட்டிக்கு அனுப்புவாராம். வாசம் பரவியது, தீ பரவியது, செய்தி பரவியது என்று நான் மூன்றோடு முட்டிக்கொண்டு நின்றேன். அவள் எழுதிக்கொண்டே போனாள். அடியார்கள் இறைவனைப் பரவினர் என்று ஒன்று. பரவுதல் என்றால் போற்றுதலாம், எனக்குத் தெரியவே தெரியாது. அம்மை பரவுவது ஒன்று. 'மடையைத் திறந்ததும் பாத்தி பாத்தியாகப் பரவிய தண்ணீர், கடைசிச் செடிக்கு வரும்போது வெதுவெதுப்பாக இருந்தது' என்று இன்னொன்று. டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். எனக்கு வயிறு எரிந்தது. வெயிலில் ஓடினால் தண்ணீர் சுடாதா, இது ஒரு அதிசயமா? ஆனால் எனக்குத் தோன்றவில்லையே.

போட்டிக்கு அவளைத்தான் எடுத்தார்கள். போட்டிக்கு முந்தின நாள் அவள் நோட்டை டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"டீச்சர், இவ தெருவுல அம்மை போட்டிருக்காம். இவளே எழுதியிருக்கா, பாருங்க."

'எங்கள் தெருவில் அம்மை பரவியிருக்கிறது.' டீச்சர் அதை வெறும் வாக்கியமாகத்தான் முன்பு படித்திருந்தார்.

"அது போன வருசம் டீச்சர்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. போன வாரந்தான திருவிழாவுக்கு எங்க வீட்டுக்கு வந்த? எந்த வாசல்லயாச்சும் வேப்பிலை சொருகியிருந்துச்சா?"

ஒரு வாசலிலும் இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவள் அம்மா வைத்த வெஞ்சனத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அம்மை என்றால் அப்போது எல்லாருக்கும் நடுக்கம். தெருவில் அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு வந்தால் போதும் என்று டீச்சர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மதுரைக்கு நான் போனேன். உழவு பற்றி எழுதச் சொன்னார்கள். அவளுடைய மடைத் தண்ணீரை அப்படியே எழுதினேன். முதல் பரிசு.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம், ஏனோ உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கடைசிச் செடியச் சொன்னியா?"

"சொன்னேன்."

"வெதுவெதுப்புன்னு?"

"ஆமா."

"சரி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். நோட்டைத் திறந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். அதுவரை அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. அந்தக் கைக்கு அடியில் அப்படி என்ன எழுதினாளோ என்ற வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.