கத்திரி வெயிலில் நாற்பத்தெட்டு

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாளர் ஒரு பெண் என்றால் வெளியூர்க்காரர்கள் சட்டென்று நம்பமாட்டார்கள். அந்தப் பெண் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரின் மூளையை விரட்டு விரட்டு என்று விரட்டுகிறாள் என்றால் உள்ளூர்க்காரர்களே நம்பமாட்டார்கள். பூர்ணிமாவுக்கு இரண்டும் பழகிப்போன சங்கதி. நம்பாவிட்டால் போகிறது என்று விட்டுவிடுவாள். பொய்க்காரி என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. போன மார்கழியில் ஒருவன் சொல்லிவிட்டான்.

நல்லூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் வெள்ளாமை பார்க்கிற குடும்பம் அவளுடையது. செராமிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு, மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாள். சூளையை அவசரப்படுத்தக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். கொஞ்சம் சூட்டை ஏற்ற வேண்டும், அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைக்க வேண்டும், உள்ளே எல்லா இடத்துக்கும் பரவியபின் அடுத்த படிக்குப் போக வேண்டும். இறங்கும்போதும் அதே நிதானம். சூடு அடங்காமல் கதவைத் திறப்பது கொலைக் குற்றத்துக்குச் சமானம். அவள் சேர்ந்த வருஷம் அவசரக்குடுக்கை ஒருவன் திறந்துவிட்டான். வெளிக்காற்று பட்டதும் உள்ளே இருந்த அத்தனை சரக்கும் டிங், டிங் என்று விரிசல் விட்டது. அந்தச் சத்தம் கேட்ட நாளிலிருந்து, சோற்றுப்பானையின் மூடியைக்கூட அவள் யோசித்துத்தான் திறப்பாள் என்று கணவன் சாமிதுரை கேலி செய்வான்.

சாமிதுரை அவளுக்கு மாமன் மகன். விருத்தாசலத்துக்கும் வேப்பூருக்கும் போய்வருகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். பொண்டாட்டி எதில் இறங்கினாலும் குறுக்கே நிற்காத மனுஷன். கேலி மட்டும் செய்வான்.

அந்தக் கம்ப்யூட்டர் திட்டக்குடியிலிருந்து வந்தது. கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஒரு ஸ்டுடியோக்காரர் புதுசு வாங்கியதும் பழையதைத் தள்ளிவிட்டார். அதன் மூளை நாலு கோர் புராசசர். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூர்ணிமா அதை வாங்கியது கம்பெனிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து தட்டத்தான். ஒருநாள் கம்ப்யூட்டரைப் போடும்போது கை தவறி ஒரு பட்டனை அழுத்திவிட்டாள். வேறு ஒரு பக்கம் திறந்துகொண்டது. வேகம் இவ்வளவு, வோல்டேஜ் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று வரிசையாக எண்கள் நின்றன. பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "மாமா, இதுக்குள்ள ஒரு சூளை இருக்குது" என்று கத்தினாள். கறிக்குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்ததை அன்றைக்கு இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

புராசசரைச் செய்த கம்பெனி எழுதிக் கொடுத்த வேகத்தைத் தாண்டி ஓடவைப்பதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அந்தப் புராசசருக்கு எழுதியிருந்தது நாற்பத்திரண்டு. அதாவது நாலு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் நாற்பத்திரண்டு என்றுதான் சொல்வார்கள். பூர்ணிமா நாற்பத்துமூன்று வைத்தாள். கம்ப்யூட்டரைப் பிழிந்தெடுக்கிற சோதனை ஒன்றை ஓடவிட்டு, சூளையில் செய்வதைப் போல அதே நிலையில் ஊறவிட்டாள். தாங்கியது. நாற்பத்துநாலு. தாங்கியது. அடுத்த படியில் திரை நீலமாகிச் செத்து விழுந்தது. வோல்டேஜை ஒரு மயிரிழை கூட்டினாள்; எழுந்து ஓடியது. மற்றவர்கள் எடுத்த எடுப்பிலேயே உச்சிக்கு ஏறப் பார்த்துக் கவிழ்வார்கள். இவளுக்கோ படிப்படியாக ஏறுவது கைவந்த கலை. மார்கழிப் பனியில் ஒரு விடிகாலை நாற்பத்தெட்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. பூர்ணிமா ஈரத் தலையோடு வாசலுக்கு ஓடி, பாதிக் கோலத்தில் நின்றுகொண்டு சிரித்தாள்.

அந்தத் திரையைப் படம் பிடித்து, இதற்கென்றே இருக்கும் தமிழ்க் குழுவில் போட்டாள். அங்கேதான் வம்பு வந்தது. குழுவை நடத்துகிறவன் பரத்வாஜ், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பையன். "புராசசர் மேல மாட்ற இந்த மலிவு விலை கூலரை வெச்சு இது நடக்காது. படத்துல கை வெச்சிருக்காங்க" என்று எழுதினான். இன்னொருவன், "அக்கா, போனை உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறோம்" என்றான். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வேறு வரிசையாக விழுந்தன.

நியாயமான ஆத்திரம்தான். ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "எப்ப வேணா, எந்த நேரத்துல வேணா நேரா வீடியோவுல காட்றேன். நிக்கலன்னா நானே பொய்க்காரின்னு சொல்லிட்டு குழுவ வுட்டுப் போயிடறேன்" என்று எழுதிவிட்டாள். தவளை தன் வாயால் கெடும். பரத்வாஜுக்கு அப்போது வேலை நெருக்கடி, அப்புறம் பொங்கல், அப்புறம் ஏதோ பயணம். கடைசியில் அவன் குறித்த நாள் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேரம், மத்தியானம்.

"காலையில வெச்சிக்கலாம்னு கேட்டா என்ன?" என்றான் சாமிதுரை.

"எந்த நேரம்னாலும்னு எழுதிட்டேன் மாமா."

"மார்கழியில எழுதுனத கத்திரியில அனுபவிக்கப் போற."

அவன் சொன்னது பலித்துக்கொண்டே வந்தது. முந்தின வெள்ளிக்கிழமை ஓடவிட்டுப் பார்த்தாள். சிமென்ட் ஷீட் போட்ட வீடு, ஏசி கிடையாது, சுவரைத் தொட்டால் கை சுட்டது. சோதனை பாதியைத் தாண்டவில்லை. வோல்டேஜைக் கூட்டினால் சூடு நூறு டிகிரியைத் தொடுகிறது. நூறைத் தொட்டால் புராசசர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். குறைத்தால் தோல்வி. வோல்டேஜைத் தணித்தால் நீலத் திரை. இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி தவித்துப் போனாள். பெட்டி நன்றாக ஆறியபின் திறந்து கூலரைக் கழற்றித் துடைத்தாள், அடியில் பூசும் பசையைப் புதிதாகப் பூசினாள், மறுபடி மாட்டி மூடினாள். இரண்டு டிகிரி இறங்கியது. இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சனிக்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. போனை டப்பாமேல் சாய்த்து நிறுத்தினாள். குழுவில் பாதிப் பேர் வீடியோ அழைப்பில் வந்து குந்தியிருந்தார்கள். சாமிதுரைக்கு அன்றைக்கு ஓட்டம் இல்லை. கைலியோடு கட்டிலில், படத்தில் விழாத மூலையில் உட்கார்ந்திருந்தான். பரத்வாஜ் விதியைப் படித்தான். காற்றால் மட்டுமே குளிரவைக்க வேண்டும். தண்ணீர், ஐஸ் கூடாது. ஒரு மணி நேரம். வேகம் நாற்பத்தெட்டிலிருந்து ஒரு நொடி இறங்கினாலும் முடிந்தது.

"ஆரம்பிக்கலாங்களா?"

"ஆரம்பிச்சாச்சு தம்பி" என்று பட்டனைத் தட்டினாள்.

எண்பது. எண்பத்தைந்து. எண்பத்தொன்பது. சூட்டின் எண் ஏற ஏற அவள் நெஞ்சும் கூடவே அடித்துக்கொண்டது. பயம்தான், ஆனால் பயத்தோடு ஒரு குஷியும் கலந்திருந்தது. சூளையில் தீ ஏறும்போது வருகிற அதே குஷி. தொண்ணூற்றுமூன்றில் கொஞ்சம் நின்றது. பாதி நேரம் தாண்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். உடனே தொண்ணூற்றைந்து. ஷீட்டுக்கு மேலே சூரியன் நகர்ந்து வந்திருந்தது. தொண்ணூற்றேழு. அழைப்பில் யாரோ, "போச்சு" என்று மெதுவாகச் சொன்னார்கள். தொண்ணூற்றெட்டு.

சாமிதுரைக்குப் பொறுக்கவில்லை. பஸ் இன்ஜின் கொதித்தால் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கிவிட்டே பழகின கை அது. எழுந்து வந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டில் கை வைத்தான்.

பூர்ணிமா அந்தக் கையைப் பட்டென்று அடித்தாள். "தொறக்காத மாமா. சூடா இருக்கறப்ப காத்து பட்டா வெடிச்சிரும்."

 அழைப்பில் பரத்வாஜின் குரல் வந்தது. கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். "எது வெடிக்குங்க?"

"சரக்குதான்" என்றாள் பூர்ணிமா. சொன்ன வாய் மூடவில்லை.

என்ன சரக்கு? உள்ளே இன்சுலேட்டரா அடுக்கியிருக்கிறது?

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து, ஓடும்போதெல்லாம் அவள் அதை மூடித்தான் வைத்திருந்தாள். தகட்டில் இருந்த ஓட்டைகளுக்குக்கூட டேப் ஒட்டியிருந்தாள், சூளைக் கதவின் இடுக்கைக் களிமண் வைத்து அடைப்பதைப் போல. டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பியிருந்தாளே தவிர, சூடான பெட்டிமேல் காற்று அடித்துவிடக் கூடாது என்று கவனமாகத் தள்ளி வைத்திருந்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளும் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அவளுடைய கை தானாகச் செய்துவந்த காரியம். பீங்கானுக்குத்தான் திடீர்க் காற்று ஆகாது. இந்தப் புராசசர் சில்லுக்குக் காற்றுதான் மருந்து. படிப்படியாக ஏற்றச் சொல்லிக்கொடுத்த அதே சூளைதான் கதவைத் திறக்கவும் விடாமல் வைத்திருந்தது.

தொண்ணூற்றொன்பது.

"ஐயோ மாமா, தொற."

"இப்பதான அடிச்ச?"

"தொற, தொற. அந்த டேப்ப பிய்யி. ஃபேன இப்படித் திருப்பு."

சாமிதுரை தகட்டை உருவினான். அவள் டேப்பை நகத்தால் கிழித்தாள். பெட்டிக்குள்ளிருந்து குப்பென்று அனல் வெளியே வந்து இருவர் முகத்திலும் அடித்தது. டேபிள் ஃபேன் நேராக உள்ளே ஊதியது. பூர்ணிமா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். மூளைக்குத் தெரிந்துவிட்டது, காதுக்கு இன்னும் தெரியவில்லை. டிங் என்று ஏதாவது கேட்டுவிடுமோ என்று காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. எண்பத்தாறு. எண் சரசரவென்று இறங்கியது. வேகம் மட்டும் நாற்பத்தெட்டிலேயே குத்துக்கல்லாக நின்றது. அழைப்பில் ஒருவன் விசில் அடித்தான். "டேபிள் ஃபேன் விதியில உண்டா?" என்று இன்னொருவன் இழுத்தான். "காத்துதானே, உண்டு" என்று பரத்வாஜே முடித்து வைத்தான். சூடு எண்பத்துமூன்றுக்கு வந்து நின்றது. எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் 'பாஸ்' என்று எழுந்தது. பூர்ணிமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள், சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. நான் பொய் சொல்லவில்லை, நான் பொய் சொல்லவில்லை என்று மனசு மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது.

ஒருவன் கேட்டான்: "சார், வோல்டேஜ் எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

சாமிதுரை போனுக்கு முன்னால் வந்து குனிந்தான். "எனக்கு பஸ்ஸு ஓட்டத்தாங்க தெரியும். இத அவங்களக் கேளுங்க."

பரத்வாஜ் தொண்டையைச் செருமினான். "மேடம், மார்கழியில நான் எழுதினது தப்பு. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன். குழுவுலயும் எழுதிடறேன்."

 பூர்ணிமா போன் பக்கமே திரும்பவில்லை. கழற்றிப் போட்ட தகட்டையும் எண்பத்துமூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூர்ணி, அந்தத் தம்பி மன்னிப்பு கேக்கறாரு" என்றான் சாமிதுரை.

"கேட்டுது மாமா. சரிங்க தம்பி, அத வுடுங்க. இத்தினி நாளா மூடி வெச்சிக்கிட்டே நாப்பத்தெட்டு போயிருக்கேன். தொறந்து வெச்சா எது வரைக்கும் போவும்?"



"யாரும் போயிடாதீங்க" என்றாள் பூர்ணிமா. கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, அந்தப் பட்டனை அழுத்தி உள்ளே போய் நாற்பத்தொன்பது என்று அடித்தாள்.